கணினி கேள்வி – பதில்: 3060 வாங்குவதா, 4060 வாங்குவதா?

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஐ5 10400, எச்410 போர்டு, 16 ஜிபி ராம். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. கடைக்காரர் "4060-தான் புதுசு, வேகமும் அதிகம்" என்கிறார். எதை வாங்கலாம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் போர்டுக்கும் தொழிலுக்கும் 3060. கேம் ஆடுகிறவருக்கு என்றால் கடைக்காரர் சொல்வது சரி.

3060 வெளிவந்தது 2021 பிப்ரவரியில், 4060 2023 ஜூனில். பழையதில் 3584 குடா கோர் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), புதியதில் 3072. எண்ணிக்கை குறைந்தாலும் பூஸ்ட் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2460-க்கு ஏறியிருப்பதால், கணக்குப் போடும் திறன் 12.7 டெராஃப்ளாப்ஸிலிருந்து 15-க்கு உயர்ந்திருக்கிறது. மின்சாரமோ 170 வாட்டிலிருந்து 115-க்கு இறங்கியிருக்கிறது. 1080பி கேம்களில் 4060 பொதுவாக 15 முதல் 20 சதவீதம் முந்தும்.

மெமரிக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. 3060-ல் 192 பிட் பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதை), விநாடிக்கு 360 ஜிபி. 4060-ல் 128 பிட், 272 ஜிபி. பஸ்ஸை வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலைக் குறுக்கிய என்விடியா, அதற்கு ஈடாக வயலை ஒட்டி ஒரு குளம் வெட்டியது. அதுதான் எல்2 கேஷ், சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரி. 3 எம்பியாக இருந்தது 24 எம்பி ஆனது. கேமில் திரும்பத் திரும்பக் கேட்கிற தகவல் குளத்திலேயே கிடைத்துவிடுவதால் குறுகல் தெரிவதில்லை. 4கே வீடியோவில் ஒவ்வொரு ஃப்ரேமும் புதுத் தண்ணீர். அங்கே குளம் அவ்வளவு கைகொடுக்காது.

அளவையும் பாருங்கள். டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோவில் 4கே டைம்லைன் போட்டு, மண்டபத்து மங்கல் வெளிச்சக் காட்சிக்கு டெம்போரல் நாய்ஸ் ரிடக்ஷன் (படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைப்பது) கொடுத்து, மேலே ஃப்யூஷன் டைட்டிலும் வைத்தால் 8 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். ஒன்று, ஜிபியூ (கார்டிலுள்ள சிப்) மெமரி நிரம்பியது என்ற செய்தியோடு ரெண்டர் பாதியில் நிற்கும். இல்லை, மீதித் தகவல் ராமுக்குப் போய்த் திரும்பும். அந்தப் போக்குவரத்து ஸ்லாட் வழியாகத்தான் நடக்கிறது. 3060 ஸ்லாட்டின் 16 லேனையும் (தகவல் ஓடும் தடங்கள்) பயன்படுத்தும், 4060-க்கு 8 லேன்தான். ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 தரத்தில் உள்ள போர்டில் 8 லேன் விநாடிக்கு சுமார் 16 ஜிபி தள்ளும், அது போதும். உங்கள் எச்410 போர்டு பிசிஐ 3.0, அதில் 4060-க்குக் கிடைப்பது 8 ஜிபி மட்டுமே, 3060-க்கு 16. குறைந்த மெமரி உள்ள கார்டுக்கே வழியும் பாதியாகிறது. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தில் 4060-க்கு மாற்று இல்லை: அது ஏவி1 என்ற வீடியோ வடிவத்தில் என்கோட் (சுருக்கிப் பதிவு) செய்யும், 3060-ஆல் அதைப் படிக்க மட்டுமே முடியும். முகூர்த்தத்தை யூடியூபில் நேரலை விடுவதே உங்கள் முக்கிய வருமானம், மண்டபத்தில் அப்லோட் வேகமும் குறைவு என்றால், அதே பிட்ரேட்டில் ஏவி1 தெளிவாகத் தெரியும். அப்படியானால் போர்டையும் பிராசஸரையும் மாற்றி (ஐ5 10400-ம் பிசிஐ 3.0தான்) 4060 வாங்குங்கள்.

வாங்கும்போது பெட்டியில் '12 ஜிபி' என்று இருக்கிறதா பாருங்கள். 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. அதில் பஸ் 128 பிட், விநாடிக்கு 240 ஜிபிதான். விலை குறைவாகச் சொன்னால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். கையில் பணம் மிச்சமிருந்தால் ராமை 32 ஜிபி ஆக்குங்கள்.

கேள்வி: புது கார்டு போட்டும் பிரீமியரில் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. கேமரா ஃபைல் எச்.265, 10 பிட், 4:2:2. கார்டில் கோளாறா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசை இரண்டிலுமே 4:2:2 (நிறத் தகவலைக் கூடுதலாகச் சேமிக்கும் முறை) எச்.265-ஐ ஹார்டுவேரில் டிகோட் செய்யும் வசதி இல்லை. என்விடியாவில் 50 வரிசையில்தான் வந்தது. முழுச் சுமையும் பிராசஸர் தலையில் விழுகிறது. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் உள்ள உள்கிராஃபிக்ஸ் இதைச் செய்யும். ஆனால் பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்கிராஃபிக்ஸே கிடையாது. உங்களுடையதில் எஃப் இல்லையென்றால், பயாஸில் அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து இயக்குங்கள். வேறு வழி, ப்ராக்ஸி ஃபைல் (எடிட்டுக்கு மட்டும் பயன்படும் இலகுவான நகல்) உருவாக்கி எடிட் செய்வது. இல்லாவிட்டால் கேமராவிலேயே 4:2:0-க்கு மாற்றிக்கொள்வது.

கேள்வி: பழைய 3060 ஒன்று விலைக்கு வருகிறது. எப்படிச் சோதிப்பது?
– வாசகர், திருவாரூர்

பதில்: ஜிபியூ-இசட் மென்பொருளைத் திறந்து மெமரி 12288 எம்பி, பஸ் 192 பிட் என்று காட்டுகிறதா பாருங்கள். பஸ் இன்டர்ஃபேஸ் அருகிலுள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால்தான் ஸ்லாட்டின் உண்மையான வேகம் தெரியும். சும்மா இருக்கும்போது குறைத்தே காட்டும். பிறகு 20 நிமிடம் முழுச் சுமை கொடுங்கள். ஜிபியூ வெப்பத்துக்கும் ஹாட் ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) வெப்பத்துக்கும் இடைவெளி 25 டிகிரியைத் தாண்டினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அதை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ வந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

கேள்வி: 600 விஏ யுபிஎஸ், பழைய எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் இருக்கும் மின்வழங்கி). 3060 தாங்குமா? அறுவடைக் காலத்தில் வீடெல்லாம் தூசு வேறு.
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தாங்காது. 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட். கார்டு 170, பிராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்ந்து ரெண்டர் நேரத்தில் அந்த எல்லையை நெருங்கும். கரன்ட் போன நொடியில் யுபிஎஸ் கைவிடும். 1 கேவிஏ வேண்டும். எஸ்எம்பிஎஸ் 550 வாட், 8 பின் வயர் அதிலேயே இருக்க வேண்டும். பழைய 4 பின் மோலெக்ஸ் வயரிலிருந்து மாற்றும் இணைப்பி வாங்கிச் செருகாதீர்கள்: ஸ்லாட் 75 வாட்தான் தரும், மீதி முழுவதும் அந்த மெல்லிய வயரில் ஓடிப் பிளாஸ்டிக் உருகும். லேபிளில் இன்புட் 100–240 வோல்ட் என்று உள்ளதாக வாங்குங்கள். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால், 200–240 என்று போட்ட எஸ்எம்பிஎஸ் மெஷினை அணைத்துவிடக்கூடும்.

நெல் சுணை சாதாரணத் தூசு போல உதிராது. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே ஃபெல்ட் துணி போலப் படிந்துவிடும்; மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகவே தெரியும், ஆனால் காற்று அடியில் இறங்காது. மாதம் ஒருமுறை கார்டைக் கழற்றி, பக்கவாட்டிலிருந்து பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் போய்விடும். தங்க முலாம் பூசிய விளிம்பை ரப்பரால் தேய்க்காமல், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்தில் வைத்தால் கார்டு 136 வாட்டுக்குள் நிற்கும், ரெண்டர் நேரம் கொஞ்சமே கூடும்.