எளிய வழியா, இடர் நிறைந்த வழியா: எப்படித் தீர்மானிப்பது?

நிலையான வேலையில் தொடர்வதா, அதை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடினமானது என்பதாலேயே ஒரு வழி உயர்ந்ததாகிவிடாது; தோற்றால் மீண்டு வர முடியுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஓராண்டுக் குடும்பச் செலவுக்கான சேமிப்பும், பழைய துறையில் மறுபடி வேலை கிடைக்கும் வாய்ப்பும் இருந்தால், அந்தத் தோல்வி தாங்கக்கூடியதே. வீட்டை அடகு வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்றால், தயவுசெய்து பொறுத்திருங்கள்.

டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1979-இல் விளக்கியதுபோல, லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நஷ்டம் தரும் வலியே நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆகவே உங்கள் அச்சம் உண்மையான ஆபத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். வேலையில் இருந்தபடியே மாலை நேரங்களில் சில வாடிக்கையாளர்களைத் தேடுங்கள். அவர்கள் பணம் கொடுத்து மீண்டும் வருகிறார்களா என்று பார்த்தபின் ராஜினாமாக் கடிதம் எழுதலாம்.