வாசகர் கேள்வி–பதில்: விதியை மீறாமல் விதியைத் தாண்டிய ஜி.டி.ஓ.

கேள்வி: அமெரிக்காவின் ‘மசில் கார்’களுக்கு, அதாவது பெரிய என்ஜின் பொருத்திய வேகமான கார்களுக்கு, முன்னோடி 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. என்கிறார்கள். அதற்கு முன்பு வேகமான அமெரிக்கக் கார்களே இல்லையா?

பதில்: இருந்தன. 1949-இன் ஓல்ட்ஸ்மொபில் ராக்கெட் 88, 1955-இன் கிரைஸ்லர் சி-300 ஆகிய இரண்டுமே அவ்வகையில் சேர்க்கத்தக்கவை. ஆனால், நடுத்தர அளவுள்ள, விலை குறைந்த ஒரு குடும்பக் காருக்குள் பெரிய காரின் என்ஜினை வைத்து இளைஞர்களுக்கு விற்கலாம் என்பதை ஒரு வணிக முறையாகவே நிறுவிக் காட்டியது ஜி.டி.ஓ.தான்.

அது பிறந்த விதம் சுவையானது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1963 தொடக்கத்தில் தன் பிரிவுகள் அனைத்தும் கார்ப் பந்தயங்களிலிருந்து விலகவேண்டும் என்று உத்தரவிட்டது. நடுத்தரக் கார்களின் என்ஜின் கொள்ளளவு 330 கன அங்குலத்தை, அதாவது ஏறத்தாழ 5.4 லிட்டரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அங்கே இருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும், தங்கள் நடுத்தரக் காரான டெம்பெஸ்டில் இருந்த 326 கன அங்குல என்ஜினும் பெரிய கார்களுக்குரிய 389 கன அங்குல என்ஜினும் வெளி அளவில் ஒன்றே என்பதால், ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் பெரிய மாற்றம் எதுவுமின்றிப் பொருத்திவிட முடியும் என்பதைக் கவனித்தார்கள். வரம்பு ஒரு மாடலுடன் வழக்கமாக வரும் என்ஜினுக்கே பொருந்தும் என்று வாதிட இடமிருந்தது. வாடிக்கையாளர் கூடுதல் பணம் கொடுத்துக் கேட்டுப் பெறும் என்ஜினுக்கு அல்ல. எனவே ஜி.டி.ஓ. முதலில் தனி மாடலாக வரவில்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஏறக்குறைய 295 டாலர் கூடுதல் விலையில் தரப்பட்ட ஒரு விருப்பத் தொகுப்பாகவே வந்தது.

அத்தொகுப்பில் 325 குதிரைத்திறன் கொண்ட வி-8 என்ஜின், தரையில் அமைந்த கியர் கம்பி, இரட்டைப் புகைக்குழாய், விறைப்பான ஸ்பிரிங்குகள் ஆகியவை அடங்கும். இன்னும் கொஞ்சம் செலவழித்தால் மூன்று கார்புரேட்டர்களுடன் 348 குதிரைத்திறன் கிடைத்தது. சாதாரண ஓட்டத்தில் நடுக் கார்புரேட்டர் மட்டும் வேலை செய்யும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால் மற்ற இரண்டும் திறந்துகொள்ளும். குறையும் உண்டு: இத்தனை வேகத்தையும் நிறுத்த நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. பானட்டின் மேல் காற்றை உறிஞ்சுவதுபோல் தெரிந்த திறப்புகளும் அவ்வாண்டு வெறும் அலங்காரம்தான். பெயரோ ஃபெராரியிடமிருந்து எடுத்தது. பந்தயத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட கார் என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களின் சுருக்கத்தை, பந்தயத்தையே கைவிட்ட நிறுவனம் சூட்டிக்கொண்டது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே படுகிறது.

ஐயாயிரம் கார்கள் விற்றால் போதும் என்று தொடங்கியவர்கள் முதல் ஆண்டில் 32,450 விற்றார்கள். தனி மாடலான 1966-இல் விற்பனை 96,946-ஐத் தொட்டது.

கேள்வி: 1973-இன் எண்ணெய் நெருக்கடிதானே இக்காரை ஒழித்தது?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், விற்பனைக் கணக்கு வேறு சொல்கிறது. 1969-இல் 72,287 ஆக இருந்த எண்ணிக்கை 1970-இல் 40,149 ஆகவும், 1971-இல் 10,532 ஆகவும், 1972-இல் 5,811 ஆகவும் சரிந்தது. எண்ணெய்த் தடை வந்ததோ 1973 அக்டோபரில். இளம் ஓட்டுநர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் விதித்த கடும் கட்டணமும், புகை மாசு பற்றிய புதிய சட்டங்களும் அதற்கு முன்பே இக்காரை நலிவடையச் செய்திருந்தன.

குதிரைத்திறன் பற்றியும் ஒரு சொல். 400 கன அங்குல என்ஜின் 1970-இல் 350 குதிரைத்திறன், 1971-இல் 300, 1972-இல் 250 என்று அறிவிக்கப்பட்டது. முதல் சரிவு உண்மையானது; ஈயமில்லாத, ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் ஓடுவதற்காக, என்ஜினுக்குள் எரிபொருள்–காற்றுக் கலவை எவ்வளவு இறுக்கப்படுகிறது என்பதைக் காட்டும் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள். இரண்டாவது சரிவு பெரும்பாலும் அளவுகோல் மாறியதால் வந்தது. அதுவரை காற்று வடிகட்டி, புகைக்குழாய் போன்றவை இல்லாமல் என்ஜினைத் தனியே சோதித்து அளந்தவர்கள், 1972 முதல் காரில் இருப்பதுபோலவே அனைத்தையும் பொருத்தி அளந்தார்கள்.

கேள்வி: அந்தப் பெயரில் மறுபடியும் கார் வந்ததா?

பதில்: 1974-உடன் நின்ற பெயர், ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் மொனாரோவை அடிப்படையாகக் கொண்டு 2004 முதல் 2006 வரை மீண்டும் வந்தது. வேகத்தில் குறையில்லை, ஆனால், தோற்றத்தில் பழைய ஜி.டி.ஓ.வின் சாயல் இல்லை என்று அதன் அன்பர்களே முகம் சுளித்தார்கள்.