சுண்ணாம்புச் சுவர்

அன்புள்ள ஐயா,

விளவங்கோடு வட்டத்தில் எங்கள் ஊர். ஒரே அறையுள்ள பழைய பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. செம்பாறையில் வெட்டியெடுத்த வெட்டுகல் சுவர், ஓட்டுக்கூரை. பழைய மாணவர்கள் காசு சேர்த்துப் புதுப்பிக்கப் போகிறோம். சுவருக்குச் சிமெண்ட் பூசி பெயிண்ட் அடித்து, நடுவில் தடுத்து நூலகமும் கணினி அறையும் வைக்கத் திட்டம். ஓட்டில் 1865 என்று பொறித்திருக்கிறது. கல்வெட்டில் அந்த ஆண்டைப் போடலாமா? நான்கு வரி எழுதித் தருவீர்களா?

அன்புள்ள தம்பி,

போடாதீர்கள். 1865 மங்களூரில் பாசல் மிஷன் பாதிரிமார்களின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம், பள்ளி கட்டிய வருஷமல்ல. பழைய சேர்க்கைப் பதிவேடு கிடைக்கிறதா பாருங்கள். திருவிதாங்கூர் காலத்தில் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில்தான் எழுதுவார்கள். 1104 ஆவணி என்று இருந்தால் 'சோழர் காலப் பள்ளி' என்று பேனர் கட்டிவிடப் போகிறீர்கள், அது 1928.

நூலகம், கணினி எல்லாம் உங்கள் இஷ்டம். நான்கு வரிக்கு வேறு ஆளைப் பாருங்கள். எனக்குத் தூக்கம் போனது அந்தச் சிமெண்டால்தான்.

நானும் அந்தத் தப்பைச் செய்தவன். எங்கள் தறவாட்டு வீட்டு, அதாவது பூர்வீக வீட்டுச் சுவர் உதிர்கிறதென்று கொத்தனார் சொன்னார், சிமெண்ட் பூசினேன். இரண்டு இடவப்பாதி மழைக்காலம் தாண்டவில்லை. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. விழும்போது கல்லையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. வெட்டுகல் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே நின்று கல்லை அரிக்கும். மேலே பெயிண்ட் வேறு அடித்தால் கேட்கவே வேண்டாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வீட்டுச் சுவர் செலவானது. படித்த பிள்ளைகள் நீங்கள், ஊரில் வயதான கொத்தனார் ஒருவரிடம் கேட்டிருக்கக் கூடாதா?

சிப்பிச் சுண்ணாம்பு வாங்கி நாள்கணக்கில் ஊறவையுங்கள். மணலோடு குழைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைக்கட்டும். நேரமாகும். ஆகட்டுமே, பூட்டிக் கிடந்த பள்ளிதானே, எங்கே ஓடிவிடப் போகிறது?

நான் படித்ததும் ஓரறைதான். நான்கு வகுப்பு, ஒரு சார். ஒன்றாம் வகுப்புக்குச் சுவரோரம் இடம். நாலாம் வகுப்புக்குச் சார் சொல்லும் வாய்ப்பாடு எங்கள் காதிலும் விழும். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு அப்படி வந்ததுதான், யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. அதனால் நடுவில் சுவர் எழுப்பாதீர்கள். மறைப்பு வேண்டுமென்றால் அலமாரியைக் குறுக்கே போடுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா முதுகைத்தான் முதலில் பார்ப்பாள். சுவரில் சாய்ந்ததில் சுண்ணாம்பு சட்டை முழுக்க ஒட்டியிருக்கும். திட்டிக்கொண்டே தட்டிவிடுவாள். அந்தக் கையின் சூடு இப்போதும் முதுகில் இருக்கிறது.

சரி, திறப்பு விழாவுக்குக் கூப்பிடுங்கள். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து அந்தச் சுவரில் சாய்ந்து உட்காருவேன். எழுந்ததும் முதுகைப் பார்த்துச் சொல்லுங்கள்.