ரேம் காலியாக இருந்தால்தான் நல்லதா? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்கள் லினக்ஸ் ஃபைல் சர்வரில் 64 ஜிபி ரேம். இரவு பேக்கப் ஓடி முடித்தால், காலையில் ஃப்ரீ கட்டளை 1 ஜிபிக்கும் குறைவாகத்தான் காலி என்று காட்டுகிறது. அதனால் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) போட்டு, மணிக்கு ஒரு தடவை கேஷைக் காலி செய்யும் ட்ராப் கேஷஸ் கோப்பில் 3 எழுதி விடுகிறோம். இது சரியா?

பதில்: சரியில்லை. இன்றைக்கே அந்த வரியை எடுத்து விடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது "ஃப்ரீ" என்ற பத்தியை அல்ல, கடைசியில் இருக்கும் "அவைலபிள்" பத்தியை. எல்லோரும் காலி இடத்தைப் பார்த்துப் பதறுகிறார்கள் என்பதால்தான் 2014இல் வந்த 3.14 கெர்னலில் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) அந்தக் கணக்கைத் தனியாகச் சேர்த்தார்கள். டிஸ்க்கில் இருந்து படித்ததை கெர்னல் பேஜ் கேஷில் வைத்துக்கொள்ளும், வேறு புரோகிராம் மெமரி கேட்டால் மாற்றம் எதுவும் ஆகாத பக்கங்களை (மெமரியின் சிறு துண்டுகளை) அப்படியே விட்டுக்கொடுக்கும். அதை ஏன் நீங்கள் முன்கூட்டியே பிடுங்க வேண்டும்? 1 எழுதினால் பேஜ் கேஷ் போகும், 2 எழுதினால் டென்ட்ரி (கோப்பின் பெயரும் பாதையும்), ஐநோட் (கோப்பின் அளவு, உரிமை போன்ற விவரம்) எல்லாம் போகும், 3 என்றால் இரண்டுமே. ஆக, ஊழியர்கள் அடுத்த நிமிடம் திறக்கப்போகிற கோப்பையும் அதன் பாதையையும் சேர்த்து அழித்துவிட்டு, திரும்பவும் டிஸ்க்கில் இருந்து படிக்க வைக்கிறீர்கள். டிஸ்க்கில் இன்னும் எழுதப்படாத டர்ட்டி பக்கங்களை இது தொடுவதும் இல்லை. சோதனைக்கும் பிழை தேடவும் தவிர வேறெதற்கும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கெர்னல் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது.

கேள்வி: கேட்டதும் விட்டுக்கொடுக்கும் என்றால், லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும் சம்பந்தமே இல்லாத டேட்டாபேஸ் ஏன் திணறுகிறது?

பதில்: நல்ல கேள்வி, விஷயமே இங்கேதான் இருக்கிறது. கோப்பின் உள்ளடக்கம் இருக்கும் பக்கத்தை விடுவது சுலபம். கோப்பைப் பற்றிய தகவலை, அதாவது டென்ட்ரியையும் ஐநோடையும் விடுவதுதான் கஷ்டம். இவை ஸ்லாப் எனப்படும், ஒரே வகைச் சின்னப் பொருள்களுக்கான பக்கங்களில் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். 64 பிட் கணினியில் ஒரு டென்ட்ரி வழக்கமாக 192 பைட், அப்படியென்றால் 4096 பைட் பக்கம் ஒன்றில் 21 டென்ட்ரி. அதில் 20ஐ விடுவித்துவிட்டாலும், மிச்சமிருக்கும் ஒன்றை யாரோ திறந்து வைத்திருந்தால் பக்கம் திரும்பக் கிடைக்காது. கடைசிப் பயணி ஒருவர் இறங்காத வரை பஸ்ஸை டிப்போவுக்கு விட முடியாது இல்லையா, அந்த மாதிரி. கெர்னல் உழைத்துக்கொண்டே இருக்கும், கைக்கு எதுவும் வராது.

அப்புறம், இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். காலி மெமரி ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் கேஸ்வாப்டி என்ற பின்னணித் திரெட் விழித்து மீட்க ஆரம்பிக்கும். அதனால் ஈடுகொடுக்க முடியாமல் மட்டம் இன்னும் இறங்கினால், மெமரி கேட்ட புரோகிராமே நின்று தானே மீட்க வேண்டும். இதுதான் டைரக்ட் ரீக்ளெய்ம். உங்கள் டேட்டாபேஸ் மாட்டுவது இதில்தான்.

எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் இது ரொம்ப நாள் தலைவலியாக இருந்தது. மாற்றப்பட்ட ஐநோடை டிஸ்க்கில் எழுதாமல் விடுவிக்க முடியாது, அதனால் அதன் ஷ்ரிங்கர் (மெமரி நெருக்கடியில் கேஷைச் சுருக்கும் பகுதி) எழுதி முடியும்வரை காத்திருக்கும், யாருக்கு மெமரி தேவையோ அவர்களும் சேர்ந்து காத்திருக்க வேண்டும், அவர்களுக்கும் அந்த ஃபைல் சிஸ்டத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லாவிட்டாலும் கூட. காத்திருக்காமல் ஓடினால், மீட்க எதுவுமே இல்லை என்று கெர்னல் முடிவுகட்டி ஓஓஎம் கில்லரை (மெமரி தீர்ந்தால் ஏதாவது புரோகிராமை நிறுத்திவிடும் பகுதியை) கூப்பிட்டுவிடும் என்ற பயமும் அதற்குப் பின்னால் இருந்தது. 2020 அக்டோபரில் வந்த 5.9 கெர்னலில் டேவ் சின்னரின் மாற்றங்கள் இதைச் சரிசெய்தன: ஐநோட் மாற்றப்படும்போதே அதை எழுதத் தேவையான பஃபரையும் மெமரியில் பிடித்து வைத்துவிடுவது, ஷ்ரிங்கர் வந்தால் சுத்தமானதை மட்டும் எடுத்துக்கொண்டு, டர்ட்டியானதைப் பின்னணியில் எழுதச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது. மெமரி மீட்பில் நான் மிகவும் மதிக்கும் திருத்தம் இது, ஏனென்றால் வேகத்தை மட்டும் கூட்டவில்லை, யார் காத்திருக்க வேண்டும் என்ற அநியாயத்தையே மாற்றியது. நீங்கள் எக்ஸ்எஃப்எஸ்ஸோடு 5.9க்கு முந்தைய கெர்னல் ஓட்டினால் முதலில் அதை மாற்றுங்கள்.

திணறும் நேரத்தில் விஎம்ஸ்டாட் கோப்பில் பிஜிஸ்கேன் டைரக்ட் எண்ணிக்கை (டைரக்ட் ரீக்ளெய்மில் தேடிய பக்கங்கள்) ஏறுகிறதா, ஸ்லாப் பயன்பாட்டைக் காட்டும் ஸ்லாப்டாப்பில் மேலே நிற்பது எது, மெமரிக்காகக் காத்திருந்த நேரத்தைக் காட்டும், 4.20 கெர்னல் முதல் இருக்கும் பிரஷர் மெமரி கோப்பு என்ன சொல்கிறது, இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

கேள்வி: டென்ட்ரி, ஐநோடை எவ்வளவு தீவிரமாக விட வேண்டும் என்று சொல்லும் விஎஃப்எஸ் கேஷ் பிரஷரை 0 ஆக்கினால் கோப்புகள் வேகமாகத் திறக்கும் என்கிறார்களே?

பதில்: வேண்டவே வேண்டாம். இயல்பு மதிப்பு 100. 0 ஆக்கினால் மெமரி நெருக்கடியிலும் டென்ட்ரி, ஐநோட் எதையும் கெர்னல் விடாது, கடைசியில் ஓஓஎம்தான். கோப்பு பட்டியலிடும் வேலை அதிகம் என்றால் 50 வைத்துப் பாருங்கள், அளந்து பார்த்து வித்தியாசம் இருந்தால் மட்டும் விட்டு வையுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி. ஃபைல் சிஸ்டம் கோடு படிக்கும்போது, மெமரி கேட்கும் வரிகளில் சில இடங்களில் ஜிஎஃப்பி கெர்னல், சில இடங்களில் ஜிஎஃப்பி நோஎஃப்எஸ் என்ற கொடி வருகிறது. பயத்தில் எல்லா இடத்திலும் நோஎஃப்எஸ் போட்டுவிடலாமா?

பதில்: போடாதீர்கள். ஃபைல் சிஸ்டம் ஒரு லாக்கைப் பிடித்துக்கொண்டு மெமரி கேட்கிறது, மெமரி இல்லாததால் கெர்னல் மீட்பில் இறங்குகிறது, மீட்பு அதே ஃபைல் சிஸ்டத்துக்குள் போய் அதே லாக்கைக் கேட்கிறது, அவ்வளவுதான், டெட்லாக், ஒன்றுக்கொன்று காத்து எல்லாமே நின்றுவிடும். நோஎஃப்எஸ் இதைத் தடுக்கத்தான். ஆனால் அந்தக் கொடி இருந்தால் டென்ட்ரி, ஐநோட் ஷ்ரிங்கர் வேலை செய்யாமல் திரும்பிவிடும். மெமரி முழுக்க டென்ட்ரியாலும் ஐநோடாலும் நிரம்பியிருக்கும் நேரத்தில் நோஎஃப்எஸ்ஸை வாரி இறைத்தால், எது கிடைக்குமோ அதையே தொடக்கூடாது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். 2017இல் 4.12 கெர்னலில் மெம்அலாக் நோஎஃப்எஸ் சேவ், ரீஸ்டோர் என்ற ஜோடி வந்தது. ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் கொடியைப் போடாமல், டிரான்ஸாக்‌ஷன் தொடங்கும் இடத்தில் சேவ், முடியும் இடத்தில் ரீஸ்டோர் என்று போடுங்கள், நடுவில் கூப்பிடப்படும் எல்லா ஃபங்ஷனுக்கும் அது பொருந்தும். ஏன் போட்டோம் என்பதை ஒரு வரி கமென்ட்டாகவும் எழுதுங்கள். பிறகு லாக்டெப்பை (கெர்னலின் லாக் சோதனைக் கருவியை) இயக்கி ஓட்டிப் பாருங்கள், டெட்லாக் உண்மையில் நடக்காவிட்டாலும் லாக் வரிசையில் அந்த ஆபத்து தெரிந்ததுமே எச்சரிக்கை அச்சடிக்கும்.