ஐவோர் ஜெனிங்ஸ் எழுதியதைப் பற்றிக் கேளுங்கள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இப்போது மலையகத்தில் அட்டன் பக்கம் வாத்தியார் வேலை பார்க்கிறேன். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தர் ஜெனிங்ஸ் எழுதியதைப் படித்திருக்கிறேன் என்று வாய்விட்டதுதான் தாமதம், கேள்வியாகக் கொட்டுகிறது. முடிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: சேர், அவர் சட்டக்காரர்தானே? கல்வியைப் பற்றி என்ன எழுதினார்?

பதில்: சட்டக்காரர்தான், சுதந்திரத்தை ஒட்டி வந்த நம் சோல்பரி அரசியல் யாப்பிலும் அவர் கை உண்டு. ஆனால் 1942 முதல் 1955 வரை உபவேந்தராக இருந்த அனுபவத்தைத் தன்வரலாறாக எழுதி வைத்தார். அவர் இறந்து 40 வருஷம் கழித்து, 2005இல்தான் அது அச்சில் வந்தது. சாரம் இரண்டுதான்: பல்கலைக்கழகம் அரசாங்கத் திணைக்களமாக ஆகக்கூடாது, பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும்.

கேள்வி: அண்ணே, தங்கிப் படிப்பதில் அப்படி என்ன இருக்கிறது? பரீட்சைதானே முக்கியம்?

பதில்: தம்பி, நீங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்து படித்தவரா? ஒரே காம்பிராவில், அதாவது அறையில், ஆறு பேர், பக்கத்து வீட்டு டீவி, விடியற்காலை கொழுந்து பறிக்கக் கிளம்பும் அம்மா, இதற்கு நடுவில் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைக்கு விடுதியில் கிடைக்கும் ஒரு மேசையும் இரவு வரை திறந்திருக்கும் நூலகமும் என்னவென்று தெரியும். ஜெனிங்ஸ் மனசில் இருந்தது ஒக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ். நம்மை நினைத்து அவர் எழுதவில்லை, ஆனாலும் அந்த யோசனை அதிகம் பொருந்துவது நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் என்பது என் கருத்து. இப்போது எல்லா வருஷத்துக்கும் விடுதி கிடைப்பதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

கேள்வி: அவர் காலத்தில் தமிழில் படிக்க முடிந்ததா?

பதில்: இல்லை, ஆங்கிலம்தான். கலைப்பிரிவுக்குத் தமிழும் சிங்களமும் வந்தது 1960 வாக்கில். அதுவரை ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு வாசலே இல்லை, இதை அவரைப் புகழ்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எடுக்கும் மாவட்டக் கோட்டா அவர் கொண்டுவந்ததா?

பதில்: இல்லை, அது எழுபதுகளில் வந்தது. இப்போது பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். நுவரெலியாவும் பதுளையும் கடைசி வகையில் வருகின்றன.

கேள்வி: பேராதனையில் இருக்கும் அருணாசலம் விடுதி கோயில் பெயரா?

பதில்: முதல் வருஷம் நானும் சாமி பெயர் என்றுதான் நினைத்தேன். அது சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயர். 1906இலேயே பல்கலைக்கழகம் வேண்டுமென்று சங்கம் வைத்துக் கேட்டவர், அப்போது ஜெனிங்ஸுக்கு வயது மூன்று.