காலிப் பெட்டியும் 'நவ்' பேப்பரும்

தம்பி, "அறை தேட 'நவ்' பேப்பரைப் பார் என்று மாமா சொன்னார், தெருமுனைப் பெட்டியைத் திறந்தால் காலி, அது இன்னும் வருகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாமா சொன்னது பொய்யில்லை, பழசு.

தொண்ணூறுகளில் நான் ரொறன்ரோ வந்த புதிதில் வியாழக்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பேன். அன்றுதான் 'நவ்' வரும். இலவச வாரப் பேப்பர், தெருமுனைப் பெட்டியில் ஆளுக்கொன்று எடுக்கலாம். அரசியல், இசை, நாடகம் எதையும் தொடமாட்டேன், நேரே பின்பக்க வரி விளம்பரங்கள்தான். பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு கால் டொலர் குற்றியோடு போன் பூத்துக்கு ஓடினால், பாதி அறைகள் அதற்குள் போய்விட்டிருக்கும். கடைசித் தாள்களில் வேறு மாதிரி விளம்பரங்களும் வரும். அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் அவற்றை உருவி எறிந்துவிடுவேன்!

1981இல் மைக்கேல் ஹாலெட், ஆலிஸ் க்ளைன் என்ற இருவர் தொடங்கியது. படிக்கிறவன் காசு கொடுப்பதில்லை. இசைக்கூடமும் உணவகமும் அறை வைத்திருந்தவர்களும் கொடுத்தார்கள். அதில் வருமானம் இருப்பதைப் பார்த்து, 'ரொறன்ரோ ஸ்டார்' நாளிதழின் தாய் நிறுவனம் 1991இல் 'ஐ' என்று போட்டிக்கு ஒன்று இறக்கியது. அது பிறகு 'தி கிரிட்' என்று பெயர் மாறி 2014இல் நின்றுபோனது.

'நவ்' அதையும் தாண்டி நின்றது. ஆனால் வரி விளம்பரம் இணையத்துக்குப் போனபின் கை தளர்ந்துவிட்டது. 2016இல் ஹாலெட் விலகினார். 2019 கடைசியில் க்ளைன் அதை மீடியா சென்ட்ரல் என்ற கம்பெனிக்கு விற்றார். அடுத்த வருடமே கொரோனா. கச்சேரியும் இல்லை, நாடகமும் இல்லை, அப்புறம் யார் விளம்பரம் தருவார்கள்? 2022இல் அந்தக் கம்பெனி திவாலானது, அச்சும் நின்றது. 2023இல் தொலைக்காட்சி நிருபராக இருந்த பிராண்டன் கொனெஸ் வாங்கி, அதே பெயரில் இணையத்தில் நடத்துகிறார். நகரச் செய்திக்குப் பாருங்கள், நன்றாகவே இருக்கிறது. பழைய 'நவ்'வின் காரம்தான் இல்லை. அது என் கருத்து.

சரி, அறைக்கு வருவோம். கிஜிஜி என்ற வரி விளம்பர இணையதளம், பேஸ்புக், தமிழ்க் கடை வாசல் நோட்டீஸ் பலகை மூன்றையும் பாருங்கள். வாடகைக்கு வரும் பேஸ்மென்டை, அதாவது வீட்டின் நிலத்தடித் தளத்தை, நேரில் பார்க்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். முதல் மாதம், கடைசி மாதம் என்று இரண்டு வாடகை கேட்பது இங்கே வழக்கம். அதற்கு மேல் 'டமேஜ் டெபாசிட்' (சேதத்துக்கென்று முன்பணம்) கேட்டால், நம் மாகாணமான ஒன்டாரியோவில் அது செல்லாது என்று சொல்லுங்கள்.