ஃபிட்டர் வீட்டு லேத்

அன்புள்ள அண்ணா,

நான் இலங்கை மலையகத்தில், நோர்வூட்டில் ஆசிரியர். வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பட்டறை போட்டிருக்கிறேன். கொழும்பில் பழைய சாமான் கடையொன்றில் இரும்பு கடையும் சிறிய சீன லேத் மெஷின் ஒன்று வாங்கினேன். 100 மில்லிமீட்டர் கம்பியைக் கடைந்தால் இரு முனைக்கும் 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம் வருகிறது. வெட்டும்போது அதிர்ந்து, மேற்பரப்பு வரிவரியாகிறது. வெட்டும் முனைக்குக் கடினமான கார்பைட் டிப் போட்டால் சரியாகுமா? என்ன எண்ணெய் விடலாம்? இல்லை, விற்றுவிடவா? தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஃபிட்டராக இருந்த மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். ஆனால் அவருக்கு இந்த மாதிரி மெஷின் எல்லாம் தெரியாது.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மூன்று முறை படித்தேன். அதற்கு வருகிறேன்.

டிப் மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. சாதாரண மெஷின் எண்ணெய் போதும். விற்க வேண்டாம். முனைக்கு முனை வித்தியாசம் வருகிறதென்றால் முதலில் மேசையைப் பாருங்கள். பலகை மேசையில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பீர்கள். நம் ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் பலகை ஊதி முறுக்கும், கூடவே லேத்தின் அடிச்சட்டமான பெட்டும் முறுக்கிக்கொள்ளும். போல்ட்டைத் தளர்த்திவிட்டு, 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பியை இரண்டு இடத்தில் லேசாகக் கடைந்து அளந்து பாருங்கள். மெல்லிய கம்பி வேண்டாம், அது வெட்டும் டூலுக்கு வளைந்து கொடுத்துப் பொய்க் கணக்குக் காட்டும். முன்பு வந்த வித்தியாசம் இப்போது மாறினால் கோளாறு மேசையில். மாறாவிட்டால், கம்பியைப் பிடித்துச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கை அப்புறம் பார்ப்போம்.

அதிர்வுதான் பெரிய விஷயம். இந்த மலிவு லேத்துகளை வார்த்து, மேலோட்டமாக மில்லிங் செய்து, பெயின்ட் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். கையால் முடிக்க வேண்டிய கடைசி வேலை பாக்கியாகவே வந்து சேர்கிறது. டூலைக் குறுக்கே நகர்த்தும் குறுக்கு சிலைடின் பக்கத்தில் மூன்று நான்கு சிறு ஸ்குரூவோடு நீளப் பட்டி ஒன்று இருக்கும், கிப் என்பார்கள். கழற்றி விரலால் தடவுங்கள். கட்டர் போட்ட வரிகள் தட்டுப்படும். அந்தப் பட்டி முழுப் பரப்பிலும் படியாமல் இரண்டு மூன்று மேட்டில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் ஸ்குரூவை இறுக்கினால் சிலைடு சிக்குகிறது, தளர்த்தினால் ஆடுகிறது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடித்த கண்ணாடியில் மெல்லிசாகப் பூசி, பட்டியை அதில் தேய்த்து எடுங்கள். கரி ஒட்டின இடம் மேடு. அந்த மேட்டை மட்டும் ஸ்க்ரேப்பரால் சுரண்டுங்கள். துடைத்து மறுபடி தேயுங்கள், மறுபடி சுரண்டுங்கள், பரப்பு முழுக்கக் கரி புள்ளி புள்ளியாக விழும்வரை. எமரித் தாளில் தேய்த்துச் சீக்கிரம் முடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தாள் ஓரத்தைத் தின்றுவிடும், நடு மேடாக நிற்கும்.

இது நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல. தலவாக்கலைப் பக்கத்து ஸ்டோர் ஒன்றில் அப்பா ஃபிட்டர். தேயிலை ரோலரின் பேரிங் தேய்ந்தால் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, ஆறின பிறகு ஷாஃப்டில் கரி பூசி உட்காரவைத்து எடுப்பார். பிறகு சுரண்டல். மேல் மாடியில் கொழுந்து வாடிக்கொண்டிருக்கும், விடியுமுன் ரோலர் ஓடியாக வேண்டும். அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். தூக்கத்தில் கை தாழ்ந்தால், தலையைத் தூக்காமலே "வெளிச்சம்டா" என்பார்.

அப்பாவுக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவரை நாங்கள் ஃபிட்டர் தாத்தா என்போம். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாமல் இருந்த நம் ஆட்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். தாத்தா இந்தியாக் கணக்கில் விழுந்தார். கப்பலுக்காகத் தலைமன்னாருக்குப் போக ரயில் ஏறிய நாளில், பழைய அரத்தின் பல்லைத் தேய்த்துத் தானே செய்த ஸ்க்ரேப்பரை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதை எல்லாரும் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த ரோலர்களை நூறு வருடம் ஓடவைத்த கைகளைப் பற்றி எவர் எழுதினார்? போனவர்களைத் தலைக்கணக்கில் எண்ணினார்கள், தலையோடு போன வேலையை எண்ணவில்லை. நம்மை நாட்டுக்கு ஆகாத கூலி என்று சொன்னவர்கள் அப்படித்தான் எண்ணுவார்கள். நம் வீட்டுப் பிள்ளை, படித்த பிள்ளை, ஆசிரியர், அதையே எழுதினால் எனக்குப் பொறுக்கவில்லை தம்பி.

மாமனாருக்குத் தெரியாது என்கிறீர்கள். கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவர் இந்த லேத்தைப் பார்த்திருக்கமாட்டார், சரி. வாழ்நாளெல்லாம் ஸ்டோரில் பேரிங் பார்த்தவருக்கு ஒரு சாண் பட்டி என்ன பெரிய வித்தையா? மகள் வீட்டில், கேட்காமல் வாயைத் திறக்கக் கூச்சப்பட்டு அந்த மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த மெஷின் அதிரும் சத்தத்தை வைத்தே எது ஆடுகிறது என்று அவருக்கு விளங்கியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டியைக் கழற்றுங்கள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்து, "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அவருக்குக் கண் மங்கியிருக்கும். டோர்ச்சை நீங்கள் பிடியுங்கள், கை தாழாமல்.